அலுமினியம் துருப்பிடிக்காதா? கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் தோலாக இருக்கும் ஆக்சைடு

ஆறு ஆண்டுகளாக நான் பயன்படுத்தும் மடிக்கணினியின் உடல் அலுமினியத்தால் ஆனது. வாங்கியபோது முழுவதும் ஒரே சீரான கருஞ்சாம்பல் நிறத்தில் இருந்தது. இன்று இரண்டு இடங்களில் அந்த நிறம் போய்விட்டது. சார்ஜர் வயரைச் செருகும் துளையின் விளிம்பு, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை உரசல் பட்டதால், வெள்ளி போலப் பளபளக்கிறது. விசைப்பலகைக்குக் கீழே இடது மணிக்கட்டு படியும் இடத்திலும் நிறம் மங்கியிருக்கிறது. ஆனால் அங்கே பளபளப்பு இல்லை. ஊசியால் குத்தியது போன்ற சிறு குழிகளும், அவற்றின் வாயில் வெண்ணிறப் பொடியும் இருக்கின்றன. வலது கை பெரும்பாலும் மவுஸின் மேல் இருப்பதால் வலப்பக்கம் அப்படியே இருக்கிறது. உலோகம் ஒன்றே, காலம் ஒன்றே, சென்னைக் கடற்கரைக்கு அருகிலுள்ள வீடும் ஒன்றே. அப்படியிருக்க, வயர் உரசிய இடம் ஏன் சுத்தமாக இருக்கிறது, கை படிந்த இடம் மட்டும் ஏன் அரிக்கப்பட்டது?

இதற்கு விடை காண, அலுமினியத்தைப் பற்றி நம் மனத்தில் ஊறிப்போன ஓர் எண்ணத்தை முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும். பாத்திரக் கடையிலும் சன்னல் சட்டம் போடுபவரிடமும் ‘அலுமினியம் துருப்பிடிக்காது’ என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்ததால், ஆக்சிஜனோடு சேராத அமைதியான உலோகம் அது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மை இதற்கு நேர்மாறானது. அன்றாடம் நாம் கையாளும் உலோகங்களில் ஆக்சிஜன்மீது மிகுந்த நாட்டம் கொண்டவற்றுள் அலுமினியம் ஒன்று. இரும்பைக் காட்டிலும் உறுதியாக அது ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. ரயில் தண்டவாளங்களைப் பற்றவைக்கும் முறை ஒன்றில் இரும்பு ஆக்சைடையும் அலுமினியப் பொடியையும் கலந்து எரியூட்டுகிறார்கள். இரும்பிடமிருந்து ஆக்சிஜனை அலுமினியம் பறித்துக்கொள்ளும்போது எழும் வெப்பத்தில் இரும்பு உருகி ஓடி, இரு தண்டவாள முனைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை நிரப்பிவிடுகிறது.

இந்த நாட்டத்தால்தான் இயற்கையில் அலுமினியம் தனி உலோகமாகக் கிடைப்பதில்லை. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டைக் கொண்டு மேட்டூரில் பல பத்தாண்டுகள் ஓர் அலுமினிய ஆலை இயங்கியது. அந்தத் தாதுவில் இருந்தது ஆக்சிஜனோடும் நீரோடும் பிணைந்துகிடக்கும் அலுமினியமே. அந்தப் பிணைப்பைப் பிரிக்க, 1886-இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்சில் பால் எரூவும் ஒருவரையொருவர் அறியாமல் கண்டுபிடித்த மின்னாற்பகுப்பு முறையைத்தான் உலகம் இன்றும் பின்பற்றுகிறது. ஒரு கிலோ அலுமினியத்தைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 13 முதல் 15 யூனிட் மின்சாரம் செலவாகும். ஒரு சிறு குடும்பம் இரண்டு மூன்று நாட்களுக்குப் பயன்படுத்தும் அளவு இது. இவ்வளவு ஆற்றலைக் கொட்டிப் பிரித்த உலோகம், வாய்ப்புக் கிடைத்த கணத்தில் பழைய நிலைக்குத் திரும்பவே முயலும்.

அப்படித் திரும்பவும் செய்கிறது. ஓர் அலுமினியத் துண்டை வெட்டினால், வெட்டுவாயில் தெரியும் புது உலோகம் கண் இமைக்கும் நேரத்துக்குள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அலுமினியம் ஆக்சைடு படலமாகிவிடுகிறது. நாம் பார்ப்பதாக நினைக்கும் அந்த வெள்ளிப் பளபளப்பும் இந்தப் படலத்தின் ஊடாகத்தான் கண்ணுக்கு வருகிறது. படலம் நிறமற்றது, ஒளியை ஊடுருவ விடுவது, 2 முதல் 4 நானோமீட்டர் அளவே தடிமன் உள்ளது. நாம் எழுதும் தாள் ஒன்றின் தடிமனுக்குள் இப்படிப்பட்ட படலங்கள் 25,000-க்கும் மேல் அடங்கும். வியப்பு அதன் மெல்லிய தன்மையில் மட்டும் இல்லை. அவ்வளவு வேகமாகத் தொடங்கிய வினை அந்தத் தடிமனோடு ஏறக்குறைய நின்றுவிடுகிறது என்பதுதான் இந்த உலோகம் நமக்குப் பயன்படுவதற்கே காரணம்.

ஏன் நிற்கிறது? வினை தொடர வேண்டுமானால், கீழேயுள்ள அலுமினியமோ மேலேயுள்ள ஆக்சிஜனோ மின்சுமை ஏறிய அணுக்களாக, அதாவது அயனிகளாக, படலத்தைக் கடந்து மற்றொன்றைச் சந்திக்க வேண்டும். படலம் மிக மெல்லியதாக இருக்கும்போது எலக்ட்ரான்கள் அதை எளிதாகத் தாண்டி மேற்பரப்பிலுள்ள ஆக்சிஜனை அடைந்துவிடுகின்றன. அதனால் படலத்தின் ஊடே வலிமையான மின்புலம் ஒன்று உண்டாகி, அலுமினிய அயனிகளை மேலே இழுக்கிறது. படலம் தடிக்கத் தடிக்க இந்த இழுப்பு தளர்கிறது; சில நானோமீட்டரைக் கடந்ததும் அறை வெப்பநிலையில் அயனிகளால் நகர முடிவதில்லை. நிக்கோலஸ் கப்ரேரா, நெவில் மாட் என்ற இரு இயற்பியலாளர்கள் 1940-களின் இறுதியில் இதைக் கணக்கிட்டு விளக்கினார்கள். ஒரு உலோகம் தன் ஆக்சைடாலேயே மூடப்பட்டு மேற்கொண்டு வினைபுரியாமல் நின்றுவிடும் இந்த நிலையைச் செயலறு நிலை என்பார்கள். எவர்சில்வர் பாத்திரத்தைக் காப்பது குரோமியம் ஆக்சைடு, டைட்டானியத்தைக் காப்பது டைட்டானியம் ஆக்சைடு; கோட்பாடு எல்லாவற்றுக்கும் ஒன்றே.

இரும்பும் ஆக்சிஜனேற்றம் அடைகிறதே, அது மட்டும் ஏன் தின்னப்பட்டுக்கொண்டே போகிறது என்று கேட்கலாம். 1923-இல் பில்லிங், பெட்வொர்த் என்ற இருவர் எளிய அளவுகோல் ஒன்றைத் தந்தார்கள். வினையில் செலவாகும் உலோகத்தின் கன அளவையும், அதிலிருந்து பிறக்கும் ஆக்சைடின் கன அளவையும் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல் அது. மக்னீசியத்துக்கு இந்த விகிதம் ஏறத்தாழ 0.81, கட்டிலுக்குப் போதாத விரிப்பைப் போல ஆக்சைடு உலோகத்தை முழுதும் மூடாமல் இடைவெளி விடுகிறது. இரும்புக்கு 2-ஐத் தாண்டுகிறது. நீரையும் சேர்த்துக்கொண்டு துருவானால் இன்னும் ஊதுகிறது. ஊதிய துரு இறுக ஒட்டி நிற்க முடியாமல் பொருக்குப் பொருக்காக உதிர, அடியிலுள்ள இரும்பு மறுபடி காற்றில் படுகிறது. கடலோர வீடுகளில் தூண்களின் கான்கிரீட் வெடித்து உள்ளிருக்கும் கம்பி தெரிவதற்கு இந்த ஊதலே காரணம். அலுமினியத்துக்கு விகிதம் 1.28. முழுதும் மூடுவதற்குப் போதுமான அளவு, உரிந்து விழாத அளவு. இந்த ஓர் எண்ணை வைத்து எல்லா உலோகத்தின் நடத்தையையும் சொல்லிவிட முடியாது; படலம் எவ்வளவு இறுக ஒட்டியிருக்கிறது, நீரில் கரைகிறதா என்பனவும் முக்கியம். ஆயினும் தொடக்கத்தில் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரியவில்லை.

இந்தப் படலத்தின் உழைப்புக்குச் சாட்சி வேண்டுமானால் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியைப் பார்க்கலாம். 1884 டிசம்பரில் அதன் முனையில் பொருத்தப்பட்ட 2.85 கிலோ அலுமினியப் பிரமிடு, இடி விழுந்து நுனி மழுங்கியதைத் தவிர, மழையிலும் பனியிலும் இன்றும் நிற்கிறது. லண்டன் பிக்காடிலி சதுக்கத்தில் 1893-இல் நிறுவப்பட்ட சிறகு கொண்ட சிலையும் வார்ப்பு அலுமினியமே.

படலம் இல்லாத அலுமினியம் எப்படி இருக்கும் என்பதைப் பாதரசம் காட்டிக்கொடுக்கும். படலத்தில் விழுந்த கீறல் வழியாகப் பாதரசம் உலோகத்தைத் தொட்டுவிட்டால் அலுமினியம் அதில் கரைந்து இரசக்கலவையாகிறது. அந்த நீர்ம மேற்பரப்பில் ஆக்சைடு இறுக ஒட்டிக்கொள்ள முடியாததால் வினை நிற்காமல் ஓடி, வெண்ணிற இழைகள் முடிபோல வளர்ந்து எழுகின்றன. பாதரச வெப்பமானியை விமானத்தில் கொண்டுசெல்லக் கட்டுப்பாடுகள் இருப்பதற்கு இதுவே காரணம். நம் மேசைக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு காலியம். கணினிச் செயலியின் வெப்பத்தைக் கடத்துவதற்காகச் சிலர் பூசும் திரவ உலோகக் களிம்பில் காலியம் இருக்கிறது. அதன் உருகுநிலை 29.8 டிகிரி செல்சியஸ் என்பதால், நம் ஊர் வெயிலில் தனிக் காலியமே மின்விசிறிக்கு அடியில் உருகி நிற்கும். செயலியின் வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்க் அலுமினியத்தால் ஆனதாக இருந்து, காலியம் அதன்மீது பட்டால், உலோகத்தின் நுண்படிகங்களுக்கு இடையே ஊடுருவி, அதைக் கையால் ஒடிக்கும் அளவுக்கு நொறுங்கவைத்துவிடும். செம்பிலான ஹீட் சிங்க்கில் மட்டுமே இந்தக் களிம்பைப் பூச வேண்டும் என்று எச்சரிப்பது இதனால்தான்.

படலத்தைக் கரைக்க இவ்வளவு அரிய பொருள்களைத் தேடவேண்டியதும் இல்லை, அடுக்களையே போதும். அலுமினியம் ஆக்சைடு அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஏறத்தாழ 4 முதல் 8.5 வரை இருக்கும் நீரில் மட்டுமே அது நிலைத்து நிற்கிறது. அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை வைத்திருக்காதே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவந்தது அமிலப் பக்கத்து எல்லையின் அனுபவ அறிவு. சலவைச் சோடா போட்டுத் தேய்த்த அலுமினியப் பாத்திரம் மங்கிக் கறுத்துப்போவது காரப் பக்கத்து எல்லை. இந்த இரண்டாவதைக் கைப்பேசி வைத்திருப்பவர்களும் நினைவில் கொள்வது நல்லது. பிளீச்சிங் கரைசலும் சோடா கலந்த தரை துடைக்கும் திரவமும் காரத்தன்மை கொண்டவை. கிருமி போகட்டும் என்று அவற்றால் அலுமினியக் கருவியைத் துடைப்பது அதன் தோலை உரிப்பதற்குச் சமம். ஆல்கஹால் நனைத்த துணி அந்தத் தீங்கைச் செய்வதில்லை.

ஆனால் என் மடிக்கணினியில் புளியும் படவில்லை, சோடாவும் படவில்லை. அங்கே வேலை செய்தது உப்பு. வியர்வையில் சோடியம் குளோரைடும் சிறிது லாக்டிக் அமிலமும் உண்டு. உப்பிலுள்ள குளோரைடு அயனி, அமிலங்களைப் போலப் படலம் முழுவதையும் சீராகக் கரைப்பதில்லை. படலத்தின் பலவீனமான புள்ளிகளைத் தேடி அங்கே நுழைகிறது. கருவிகளுக்குப் பயன்படும் அலுமினியம் தூய உலோகம் இல்லை, உலோகக் கலவை. அதில் இரும்பு போன்ற பிற தனிமங்கள் கூடிய நுண்ணிய துகள்கள் அங்கங்கே புதைந்திருக்கும். அந்தத் துகள்களைச் சுற்றிப் படலம் ஒழுங்காக அமைவதில்லை. குளோரைடுக்கு அதுவே வாசல்.

நுழைந்தபின் நடப்பதுதான் கவனிக்க வேண்டியது. சிறு குழி ஒன்று விழுந்ததும், உள்ளே கரைந்த அலுமினிய அயனிகள் நீரோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்குகின்றன. குழிக்குள் இருக்கும் துளி நீர் வெளியிலிருக்கும் நீரைவிடப் பலமடங்கு அமிலத்தன்மை பெறுகிறது. நேர்மின் சுமையுள்ள அலுமினிய அயனிகளைச் சமன்செய்ய வெளியிலிருந்து மேலும் குளோரைடு உள்ளே இழுக்கப்படுகிறது. குழியின் அடிக்கு ஆக்சிஜன் எளிதில் எட்டுவதில்லை என்பதோடு, அமிலத்துக்குள் புதிய படலம் உருவானாலும் நிலைப்பதில்லை. இப்படி, குழி தான் மேலும் ஆழமாவதற்கு வேண்டிய சூழ்நிலையைத் தானே சமைத்துக்கொள்கிறது. குழி வாயில் காணும் வெண்பொடி, உள்ளே கரைந்த அலுமினியம் வெளியே வந்து அமிலத்தன்மை குறைந்த இடத்தில் ஹைட்ராக்சைடாகப் படிந்தது. இதைக் குழிவு அரிமானம் என்கிறார்கள். இரும்பில் துரு பரவலாகத் தெரிந்து எச்சரிக்கும். அலுமினியத்தில் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு பரப்பு பளிச்சென்று இருக்கும்போதே ஒரு புள்ளியில் துளை இறங்கிக்கொண்டிருக்கலாம். உப்புக் காற்று வீசும் ஊரில் அலுமினியச் சன்னல் சட்டங்களின் கீழ்ப்பகுதி சொரசொரப்பாவதும் இதே கதைதான்.

இந்த நிலையில், இயற்கை தந்த நான்கு நானோமீட்டரை நம்பி மட்டும் கருவிகளைச் செய்ய முடியாது என்பது விளங்கும். பொறியாளர்கள் கண்ட தீர்வு எனக்கு எப்போதும் வியப்பளிப்பது: அரிமானத்தைத் தடுக்க ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதற்குப் பதிலாக, அதை வேண்டுமென்றே மிகுதிப்படுத்துகிறார்கள். அனோடைசிங் என்று தொழிலில் வழங்கும் முறை இது.

தொட்டி ஒன்றில் 15 முதல் 20 சதவீதம் கந்தக அமிலக் கரைசலை நிரப்பி, 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிர்ச்சியில் வைத்து, நன்கு கழுவிச் சுத்தம் செய்த அலுமினியப் பாகத்தை நேர்மின்வாயாகத் தொங்கவிட்டு, 12 முதல் 20 வோல்ட் வரை மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். தானாக நின்றுபோயிருந்த வினையை மின்புலம் மறுபடி தூண்டுகிறது. நகர முடியாமல் இருந்த அயனிகள் நகர்ந்து படலம் வளர்கிறது. அதே நேரத்தில் அமிலம் படலத்தைப் புள்ளி புள்ளியாகக் கரைத்துக்கொண்டும் இருக்கிறது. வளர்ச்சியும் கரைதலும் ஒன்றோடொன்று போட்டியிடுவதன் விளைவாக, தேன்கூட்டைப் போன்ற அறைகளும் ஒவ்வோர் அறையின் நடுவில் 10 முதல் 20 நானோமீட்டர் அகலமுள்ள நேர்த்துளையும் அமைகின்றன. ஒரு சதுர சென்டிமீட்டரில் இத்தகைய துளைகள் ஆயிரக்கணக்கான கோடி இருக்கும். துளைகள் இல்லாவிட்டால் அமிலம் அடிவரை எட்டாது, படலமும் தடிக்காது. துளைகளின் அடியில் எப்போதும் மெல்லிய, துளையற்ற தடுப்பு அடுக்கு ஒன்று தங்கியிருக்கும்.

இப்படி அலங்காரத்துக்கும் பாதுகாப்புக்கும் வளர்க்கும் படலம் 5 முதல் 25 மைக்ரோமீட்டர் வரை தடிமன் கொள்ளும். ஒரு மைக்ரோமீட்டர் என்பது ஆயிரம் நானோமீட்டர்; 10 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொண்டால்கூட, இயற்கைப் படலத்தைப்போல் ஈராயிரத்து ஐந்நூறு மடங்கு. கரைசலை உறைநிலையை ஒட்டிக் குளிர்வித்து, மின்னோட்டத்தையும் கூட்டினால், கரைதல் குறைந்து இன்னும் தடிமனான, கடினமான படலம் கிடைக்கும். நம் வீடுகளில் இருக்கும் கருநிற ‘ஹார்ட் அனோடைஸ்டு’ குக்கர் அவ்வாறு பிறந்ததே. சாதாரண அலுமினியத்துக்கு ஆகாத புளியை அந்தக் குக்கர் தாங்கும் என்பதை நம் சமையலறைகள் ஏற்கெனவே அறிந்திருக்கின்றன.

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அனோடைசிங்கும் அப்படி ஒரு பூச்சு என்று தோன்றுவது இயல்பு. ஈயம் வெளியிலிருந்து வந்து பித்தளையின்மீது அமர்வது. நாளடைவில் தேய்ந்தும் உரிந்தும் போவது. அனோடைசிங் படலமோ அந்த அலுமினியமே ஆக்சைடாக மாறியது. அதன் ஒரு பகுதி பழைய மேற்பரப்புக்கு மேலே எழும்பியும், மற்றொரு பகுதி உலோகத்தைத் தின்று உள்ளே இறங்கியும் வளர்கிறது. மரப்பட்டைக்கும் மரத்துக்கும் உள்ள உறவு இதற்குப் பொருத்தமான உவமை. பெயின்ட் உரிவதைப் போல இது உரியாததும் அதனால்தான்.

நிறம் வருவதும் அந்தத் துளைகள் வழியாகவே. படலம் வளர்ந்தபின் பாகத்தைச் சாயத் தொட்டியில் மூழ்கவைத்தால் சாயம் துளைகளுக்குள் இறங்கிக்கொள்கிறது. 2004-இல் ஆப்பிள் வெளியிட்ட ஐபாட் மினி, நீலமும் பச்சையும் இளஞ்சிவப்புமாகக் கடைகளில் நின்றது இந்த முறையால். இன்றைய கைப்பேசிகளின் பல நிறங்களும் இவ்வாறு வந்தவையே. சாயம் ஏறியதும் துளைகளை அடைத்தாக வேண்டும். கொதிநிலையை ஒட்டிய தூய நீரில் பாகத்தை ஊறவைத்தால், துளைச்சுவரிலுள்ள ஆக்சைடு நீரை ஏற்று உப்பித் துளையின் வாயை மூடிவிடுகிறது. பார்வைக்கு எந்த மாற்றமும் தராத இந்த இறுதிக் கட்டம் அரைகுறையாக நடந்தால் மற்றதெல்லாம் வீண். திறந்த துளைகள் வியர்வையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சாயமும் வெளியேறும். இரண்டு கருவிகள் வெளியே ஒரே மாதிரி இருந்தும் ஒன்று விரைவில் கறைபடிவதற்குப் பெரும்பாலும் இந்தக் கட்டத்தையே நான் சந்தேகிப்பேன்.

எந்த அலுமினியத்தின்மீது படலம் வளர்கிறது என்பதும் முக்கியம். எந்தத் தனிமம் கலந்தது என்பதைப் பொறுத்து அலுமினியக் கலவைகளை எண் வரிசைகளாகப் பிரிக்கிறார்கள். செம்பு கலந்த 2000 வரிசைக் கலவைகள் வலிமையானவை, விமானங்களுக்கு உகந்தவை. ஆனால் அரிமானத்தைத் தாங்கும் திறன் குறைந்தவை, அவற்றில் வளரும் படலமும் தரத்தில் தாழ்ந்தது. மக்னீசியமும் சிலிக்கனும் கலந்த 6000 வரிசையில் சீரான, தெளிவான படலம் கிடைக்கும் என்பதால், கைப்பேசி, மடிக்கணினி உடல்களுக்கு அது பெரிதும் விரும்பப்படுகிறது. துத்தநாகம் கலந்த 7000 வரிசை எளிதில் வளையாது. 2015-இல் ஐபோன் 6எஸ் அதற்கு மாறியது. அதில் நிறத்தைச் சீராகக் கொண்டுவருவது கடினமான வேலை. வலிமை, நிறம், அரிமான எதிர்ப்பு மூன்றையும் ஒரே கலவையில் முழுதாகப் பெற முடியாது என்பதால் ஒவ்வொரு கருவியும் ஒரு சமரசமே.

படலத்தின் கடினத்தன்மையைப் பற்றியும் ஒரு சொல். அலுமினியம் ஆக்சைடு படிகமாக உறைந்தால் அது குருந்தம். மாணிக்கமும் நீலக்கல்லும் குருந்தத்தின் நிறவகைகள். ஆங்கிலத்தில் இந்தக் கனிமத்துக்கு வழங்கும் பெயரே நம் குருந்தம் என்ற சொல்லிலிருந்து சென்றது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் அதன் இடம் 9. விலையுயர்ந்த கைக்கடிகாரங்களின் கண்ணாடியும் சில கைப்பேசிகளின் கேமரா மூடியும் செயற்கை நீலக்கல்லே. அனோடைசிங் படலம் அதே வேதிப்பொருள் என்றாலும் படிக ஒழுங்கு இல்லாதது, துளைகள் நிறைந்தது. ஆகவே குருந்தத்தின் கடினம் அதற்கு இல்லை. அடியிலுள்ள உலோகத்தைவிட வெகுவாகக் கடினமானது, அவ்வளவே. மென்மையான உலோகத்தின்மேல் கடினமான மெல்லிய ஓடு இருப்பதால், கைப்பேசி கீழே விழுந்து உலோகம் நசுங்கும்போது ஓடு கூடவே வளைய முடியாமல் விரிசல் விடுகிறது. பைக்குள் சாவியோடு சேர்ந்து கிடக்கும் மணல் துகள் பெரும்பாலும் குவார்ட்ஸ். அது படலத்தைக் கீறவும் வல்லது.

கூரிய விளிம்புகளில் படலம் இயல்பாகவே பலவீனமானது. படலம் எப்போதும் மேற்பரப்புக்குச் செங்குத்தாக வளர்கிறது. தட்டையான பரப்பில் துளைகள் பக்கம் பக்கமாக நெருங்கி நிற்கும். தொண்ணூறு பாகையில் திரும்பும் விளிம்பில், ஒரு பக்கத்துத் துளைகள் மேல்நோக்கியும் மற்றப் பக்கத்துத் துளைகள் பக்கவாட்டிலும் வளர்வதால் நடுவில் பிளவு விழுகிறது. விளிம்பை உருட்டிவிட்டால் இந்தக் குறை குறையும். கைப்பேசியின் நிறம் முதலில் சார்ஜர் துளையின் ஓரத்திலும் கேமராவைச் சுற்றிய மேட்டு விளிம்பிலும் போவதற்கு உராய்வோடு இந்த வடிவக் காரணமும் சேர்ந்திருக்கிறது.

படலம் போன இடத்தில் வேறு உலோகம் ஒன்று தொட்டுக்கொண்டிருந்தால் சிக்கல் கூடும். அலுமினியமும் எவர்சில்வர் திருகும் உப்புநீரில் சேர்ந்து நனைந்தால் அது ஒரு சிறு மின்கலம். அதில் கரைவது அலுமினியமே. ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், படலம் முழுமையாக இருக்கும்வரை இந்த மின்கலத்தின் சுற்று முழுமை பெறுவதில்லை. திருகைச் சுற்றிக் கீறல் விழுந்த கருவிகளில் அந்தத் திருகின் ஓரத்தில் மட்டும் வெண்பொடி காண்பது இதனால்தான்.

மின்சாரம் கடத்தாத இந்தக் குணத்துக்கு வேறொரு பயனும் உண்டு. சார்ஜருக்குள் இருக்கும் உருளை வடிவ மின்தேக்கியில், அலுமினியத் தகட்டின்மீது ஒரு வோல்ட்டுக்கு ஏறத்தாழ 1.4 நானோமீட்டர் என்ற கணக்கில், துளையில்லாத ஆக்சைடு படலத்தை வளர்த்திருப்பார்கள். மின்னூட்டத்தைப் பிரித்து வைத்திருப்பது அந்தப் படலமே. கருவியின் வெளியில் தோலாக நிற்கும் பொருளே உள்ளே மின்காப்பாகவும் பணிபுரிகிறது.

இப்போது என் மடிக்கணினிக்குத் திரும்பலாம். சார்ஜர் துளையின் விளிம்பில் வளர்த்த படலம் முழுவதும் தேய்ந்துவிட்டது. அது தானாக மறுபடி பத்து மைக்ரோமீட்டர் வளராது, நிறமும் திரும்பாது. ஆனால் ஒவ்வொரு உரசலுக்குப் பின்னும் வெறும் உலோகம் உலர்ந்த காற்றைச் சந்தித்து, தன் பழைய சில நானோமீட்டர் படலத்தை உடனே போர்த்திக்கொண்டது. அங்கே ஈரமும் இல்லை, உப்பும் தங்கவில்லை. ஆகவே அந்தச் சிறு படலமே ஆறு ஆண்டுகளுக்குப் போதுமானதாக இருந்தது. மணிக்கட்டு படிந்த இடத்தில் தேய்மானம் குறைவாகவே நடந்திருக்கும். ஆனால் கோடை மாதங்களில் மணிக்கணக்காக வியர்வை அங்கே தேங்கியது. கையை எடுத்தபின் நீர் உலர்ந்து உப்பு தங்கியது. மறுநாள் கடற்காற்றின் ஈரத்தை அந்த உப்பே உறிஞ்சி மறுபடி நனைந்தது. படலம் எங்கெல்லாம் மெலிந்ததோ அங்கெல்லாம் குளோரைடு இறங்கியது. கைக்கடிகாரத்தின் அலுமினிய உடலுக்கும் பட்டைக்கும் நடுவிலும், கைப்பேசிக்கும் அதன் கவருக்கும் நடுவிலும் இதே போல ஈரம் அடைபட்டுக் கிடக்கும்.

குழிகளைத் தேய்த்து மறைக்க முயலவில்லை. தேய்த்தால் மீதமுள்ள படலமும் போகும். வேலை முடிந்ததும் தூய நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அந்த இடத்தைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிவிடுகிறேன். ஓராண்டாக இதைத் தவறாமல் செய்துவருகிறேன். வெண்பொடி புதிதாக வரவில்லை. குழிகளின் அடிப்பகுதி, சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கும்போது, சார்ஜர் துளையின் விளிம்பைப் போலவே பளபளக்கத் தொடங்கியிருக்கிறது.